மார்ச் 21: ஆப்பிரிக்காவின் ஒரு தேதி

கேள்வி: இனப்பாகுபாடு ஒழிப்பு நாள் மார்ச் 21-இல் கடைப்பிடிக்கப்படுவதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்த துப்பாக்கிச் சூடுதான் காரணம் என்று படித்தேன். அதே தேதியில் ஆப்பிரிக்காவில் வேறு என்னென்ன நடந்தன?

பதில்: 1801-இல் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் தோற்கடித்ததும், 2018-இல் ருவாண்டாவின் கிகாலியில் ஆப்பிரிக்கத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தத்தில் 44 நாடுகள் கையெழுத்திட்டதும் இதே தேதியில்தான். ஆனால் இந்தத் தேதிக்குக் கனம் சேர்த்தது நீங்கள் குறிப்பிடும், தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்விலில் 1960-இல் நடந்த துப்பாக்கிச் சூடுதான்.

தென்னாப்பிரிக்காவில் 16 வயது நிரம்பிய கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த அனுமதிப் புத்தகத்தை, ‘மடத்தனமான பாஸ்’ என்ற பொருளில் மக்கள் ‘டோம்பாஸ்’ என்றே அழைத்தார்கள். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சென்று, ‘எங்களைக் கைது செய்யுங்கள்’ என்று நிற்பதுதான் ராபர்ட் சொபுக்வே தலைமையிலான பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸ் என்ற அமைப்பு 1960-இல் வகுத்த திட்டம். சொபுக்வே ஒர்லாண்டோ காவல் நிலையத்துக்கு நடந்தே சென்று கைதானார். ஷார்ப்விலில் திரண்ட கூட்டத்தின் மீதோ காவலர்கள் சுட்டார்கள். அரசுக் கணக்கின்படியே 69 பேர் இறந்தனர், அவர்களில் பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில். சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1985-இல், யூட்டன்ஹேக் நகரை ஒட்டிய லங்காவில் இறுதிச் சடங்குக்குச் சென்றவர்கள் மீதும் காவலர்கள் சுட, குறைந்தது 20 பேர் மாண்டனர். (1960-இல் இதே நாளில் துப்பாக்கிச் சூடு நடந்த கேப் டவுனின் லங்கா வேறு, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

ஷார்ப்வில் நினைவாக மார்ச் 21-ஐ இனப்பாகுபாடு ஒழிப்பு நாளாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது 1966 அக்டோபரில். அதே கூட்டத்தொடரில்தான், தென்மேற்கு ஆப்பிரிக்காவை (இன்றைய நமீபியா) ஆளத் தென்னாப்பிரிக்காவுக்கு இருந்த பொறுப்பாட்சி உரிமையும் ரத்து செய்யப்பட்டது. இந்த இரண்டு தீர்மானங்களையும் சேர்த்துப் பேசுபவர்கள் குறைவு. தென்னாப்பிரிக்கா அதைப் பொருட்படுத்தாமல் மேலும் 23 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தது. கடைசியில் 1990-இல், மார்ச் 21 பிறந்த நள்ளிரவில், தலைநகர் விண்ட்ஹுக்கின் அரங்கில் தென்னாப்பிரிக்க அதிபர் டி கிளெர்க்கின் கண்ணெதிரே அவர் நாட்டுக் கொடி இறங்கி நமீபியாவின் கொடி ஏறியது; புதிய நாட்டின் முதல் அதிபர் சாம் நுயோமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் ஐ.நா. பொதுச்செயலாளர் பெரெஸ் டி குவேயர்.