வாடகையைக் குறைக்கும் முன் மணிக்கணக்கைப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் உள்ள எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் 25 லட்சத்துக்கு ஒரு பெல்ட் அறுவடை வண்டி (டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை இயந்திரம்) வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பாதித் தொகை வங்கிக் கடன். மணிக்கு 2,200 ரூபாய் வாடகை. டீசல், ஆள் கூலி போக நன்றாகவே மிஞ்சுகிறது. ஆனால் பெல்ட் மாற்ற வேண்டி வந்தபோது கணக்கில் பணம் இல்லை. உறுப்பினர்களோ வாடகையை 2,000 ஆக்கு என்கிறார்கள். யார் வயலுக்கு முதலில் வண்டி என்பதிலும் தகராறு. என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு வாடகையைக் குறைக்காதீர்கள். உங்களுக்கு மிஞ்சுவதாகத் தெரியும் பணத்தில் ஒரு பகுதி லாபமே இல்லை, வண்டி தேய்ந்த தேய்மானம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டி ஆறு வருடம் உழைத்து, பிறகு 7 லட்சத்துக்கு விலைபோகும் என்று வைத்துக்கொண்டால் தேய்மானம் வருடத்துக்கு 3 லட்சம். வட்டி ஏறத்தாழ 1,20,000. காப்பீடு, கொட்டகை, பருவம் இல்லாத மாதங்களின் பராமரிப்புக்கு 80,000. ஆக, வண்டி ஓடினாலும் நின்றாலும் வருடத்துக்கு 5 லட்சம் செலவு. ஓடும்போது டீசல் 850, ஓட்டுநர், உதவியாள் 250, உதிரிபாகம் 300 என மணிக்கு 1,400 ஆகும். என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் ரசீதில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி இதுதான்.

2,200-இல் 1,400 போனால் மணிக்கு 800 நிற்கும். 5 லட்சத்தை ஈடுகட்ட 625 மணி நேரம் ஓட வேண்டும். குறுவைக்கு 25 நாள், சம்பா தாளடிக்கு 40 நாள், நாளுக்கு எட்டு மணி என்று வைத்தாலும் 520 மணிதான். 500 மணி ஓடினால் வருடத்துக்கு ஒரு லட்சம் நஷ்டம். தேய்மானத்துக்கு யாரும் பில் அனுப்புவதில்லை என்பதால் அது இரண்டு வருடமாக உங்கள் கண்ணில் படவில்லை. வாடகை 2,000 ஆனால் 833 மணி ஓட வேண்டும். டெல்டாவின் இரண்டு அறுவடைக்குள் ஒரு வண்டிக்கு அது நடக்காத காரியம்.

அதனால் கவனம் மணிக்கணக்கில் இருக்கட்டும். நான் கணக்குப் பார்த்த ஒரு நிறுவனத்தில் ஓட்டுநரின் நோட்டில் ஒரு நாளுக்கு ஐந்தரை மணி எழுதியிருந்தது, வண்டியின் மீட்டரில் ஏழேகால் ஓடியிருந்தது. யாரும் திருடவில்லை. வயலுக்கு வயல் நகர்ந்தது, வரப்பை வெட்டி வழிவிடக் காத்திருந்தது, டிராக்டர் வரும்வரை நெல் தொட்டி நிரம்பி நின்றது என்று எல்லாம் இன்ஜின் ஓடியபடியே போயிருக்கிறது. ஒவ்வொரு வயலிலும் தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டரைப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். டீசல் கேனுக்கும் அதே நாளில் கணக்கு எழுதுங்கள். ஒரு வாரத்தில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, பெயர் வாரியாக எடுக்கும் பதிவை வாய்க்கால் வாரியாக மாற்றுங்கள். மூணு மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) வயலுக்காக வண்டியை லாரியில் ஏற்றி ஊர்விட்டு ஊர் போனால் அரை நாள் போச்சு. போர்வெல் தண்ணீரில் முன்கூட்டியே நட்ட குறுவை முதலில் பதத்துக்கு வரும், மேட்டூர் தண்ணீரை நம்பிய வயல் பிறகு, கடைமடை கடைசியில். திருத்துறைப்பூண்டி பக்கம் உள்ள உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தோடு பேசி வைத்தால், உங்கள் ஊரில் வேலை முடிந்ததும் வண்டி தண்ணீர் போன வழியிலேயே போகலாம். குறையும் 125 மணியில் பெரும்பகுதி இங்கேதான் கிடைக்கும்.

முறை விஷயத்தில் எழுதிய விதி இல்லையென்றால் இயக்குநரின் மைத்துனர் வயலுக்குத்தான் வண்டி முதலில் போகும், பழியும் உங்களுக்குத்தான் வரும். ஒரு வாய்க்காலுக்குள் பதிவு எண்படி போகட்டும். மழையில் சாய்ந்த வயலுக்கு மட்டும் முன்னுரிமை. அந்த வரிசையை அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். பனி உலராமல் காலை ஏழு மணிக்கே வண்டியை இறக்காதீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை எடைக்குப் போகாமல் களத்திலேயே கிடக்கும். உறுப்பினருக்கு அந்த நஷ்டம் வாடகையில் குறைக்கும் 200 ரூபாயை விடப் பெரியது.

மழைதான் உங்கள் பெரிய ஆபத்து. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா எப்படிப் படுத்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு வருடத்தில் 400 மணிதான் ஓடியது என்றால் நஷ்டம் 1,80,000. வண்டிக்கான காப்பீடு சேதத்துக்குத்தான் பணம் தரும், ஓடாமல் நின்ற நாளுக்குத் தராது. பயிர்க் காப்பீடு விவசாயிக்கு உரியது. எனவே அந்த 1,80,000-ஐ நீங்களே சேர்த்து வைக்க வேண்டும். உறுப்பினருக்கு 2,200 என்பதை அப்படியே வைத்து, வெளியாருக்கு 2,500 வாங்குங்கள். 625 மணியில் 200 மணி வெளியாருக்கு ஓடினால் வருடத்துக்கு 60,000, மூன்று வருடத்தில் தொகை சேர்ந்துவிடும். உற்பத்தியாளர் நிறுவனம் ஆண்டுதோறும் பொதுக் காப்பு நிதி வைக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, பொதுக்குழுவில் அதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

கடன் தீரும்வரை தேய்மானப் பணத்தில் பெரும்பகுதி அசலுக்குப் போய்விடும், அது சரிதான். மணிக்கு 300 ரூபாய் உதிரிபாகப் பணத்தை மட்டும் அதில் கலக்க விடாதீர்கள். அதற்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வாரா வாரம் மீட்டர் காட்டும் மணிக்கு ஏற்பப் பணத்தை மாற்றுங்கள். 500 மணிக்கு ஒன்றரை லட்சம் அதில் இருக்கும். அடுத்த முறை பெல்ட் அறும்போது கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டியிராது.