அப்பாவின் ஆலைக் குறிப்பேடு

அன்புள்ள ஐயா,

குளுவாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பொறியாளராக இருந்த எங்கள் அப்பா சென்ற ஆண்டு தவறிவிட்டார். தலைத்திதிக்கு நினைவு மலர் ஒன்று தயாரிக்கிறோம். உறவினர்கள் எழுதித் தந்தவை "கடமை தவறாதவர், குடும்பத்தைக் கண்ணாகக் காத்தவர்" என்ற அளவில் நிற்கின்றன. அவருடைய குறிப்பேடுகள் என்னிடம் உள்ளன. "கிளாஸ் ஊதியாச்சு, சரி", "மூணு பீக், 90", "எஃப்.எஃப்.ஏ 4.6" என்று போகின்றன. 1982-இல் பல பக்கங்களில் "பருப்பு ஏறுது, குலை வேகல". நடுநடுவே எங்கள் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்துப் பெயர்கள். இவற்றை மலரில் போடலாமா? தீபாவளிக்கு மறுநாள் விடியுமுன்பே அவர் ஆலைக்கு ஓடியது ஏன் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

வாசகி, குளுவாங்

அன்புள்ள சகோதரி,

தாராளமாகப் போடுங்கள். உறவினர்களின் வரிகள் எந்த அப்பாவுக்கும் பொருந்தும். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே இரண்டு வரி விளக்கம் இருந்தால் போதும்.

"கிளாஸ்" என்பது பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடி. அதை ஊதிப் பார்ப்பது இப்படி: வடிகாலைத் திறந்து, நீர் வரும் வழியை மூடினால் நீராவி சீற வேண்டும். நீராவி வழியை மூடி நீர் வழியைத் திறந்தால் தண்ணீர் பாய வேண்டும். பிறகு இரு வழியையும் திறந்து வடிகாலை அடைத்ததும் மட்டம் சட்டென்று ஏற வேண்டும். மெதுவாக ஏறினால் உள்ளே அடைப்பு, கண்ணாடி காட்டும் மட்டத்தை நம்ப முடியாது. தண்ணீர் வற்றியது தெரியாமல் எரித்தால் குழாய்கள் பழுக்கக் காய்ந்துவிடும்; அந்த நேரம் பதறித் தண்ணீர் விட்டால் பாய்லரே வெடிக்கலாம். அதனால்தான் அந்தச் "சரி".

"மூணு பீக்" குலை வேகவைக்கும் முறை. ஸ்டெரிலைசர் என்ற வேகவைக்கும் கலத்துக்குள் நீராவியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி இறக்கி, மூன்றாம் முறை சுமார் 40 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் நிறுத்திவைப்பார்கள். முதல் இரண்டும் உள்ளே தங்கிய காற்றை விரட்ட. காற்று நின்ற இடத்தில் சூடு ஏறாது, பழம் குலையை விட்டு உதிராது. 90 என்பது மொத்த நிமிடமாகத்தான் இருக்க வேண்டும்.

எஃப்.எஃப்.ஏ எண்ணெயின் புளிப்பு, அதாவது அதில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலத்தின் அளவு. 5 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் பிடிப்பார்கள். பழம் அடிபட்டாலோ, வெட்டியபின் கிடந்தாலோ அது ஏறும். வெந்த பிறகுதான் நிற்கும். 4.6 என்று எழுதிய அன்று அவருக்குத் தூக்கம் இருந்திருக்காது.

1982-ஆம் ஆண்டுப் பக்கங்கள்தான் மலரின் நடுவில் வர வேண்டியவை. அதுவரை பல தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு ஆள் வைத்து மகரந்தம் தூவினார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த, மகரந்தம் பரப்பும் சிறு வண்டு மலேசியாவில் முதலில் விடப்பட்டது உங்கள் ஊர்ப்பக்கத்து மாமோர் தோட்டத்தில். வண்டு பரவியதும் குலைக்குள் காய் நெருங்கியது, கொட்டைக்குள் இருக்கும் பருப்பும் கூடியது. தோட்டத்துக்கு அது கொண்டாட்டம். ஆலைக்கோ, நெருக்கமான குலைக்குள் நீராவி புகாது, பருப்பு உலர்த்தும் சைலோவும் கொள்ளாது. உங்கள் அப்பா எழுதிய நான்கு சொல்லில் இரண்டும் இருக்கின்றன. பெரிய மாற்றம் ஒன்றை ஆலைக்குள்ளிருந்து கண்டவரின் சாட்சி அது. இப்படிப்பட்ட ஏடுகள் எத்தனை பழைய பேப்பர்காரனுக்குப் போயினவோ!

தீபாவளி விஷயம் எளிது. அது வரும் அக்டோபர், நவம்பர் பழம் குவியும் பருவத்தை ஒட்டியது. லீவு முடிந்து ஆலை ஓட, ஆறிய பாய்லரில் முன்கூட்டியே தீ மூட்ட வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உலைச் செங்கல் வெடிப்பு விடும், குழாய் மூட்டுகள் கசியும். ஆகவே அதைப் பல மணி நேரம் இழுத்துச் செய்வார்கள். பழமோ காத்திருக்காது.

பள்ளிக் கட்டணத்தையும் மருந்துப் பெயர்களையும் தனிப் பக்கமாகப் பிரிக்காதீர்கள். பக்கத்தை முழுசாகப் படமெடுத்துப் போடுங்கள், அழுத்தத்துக்கும் எஃப்.எஃப்.ஏ-வுக்கும் இடையில் அவை இருந்தபடியே. ஏடுகளை லாமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் உரிக்க முடியாது. அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.