ஒட்டுண்ணி அட்டையில் வருவதெல்லாம் ஆணாக இருக்கிறதே?

கேள்வி: கல்லிடைக்குறிச்சி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார் நெல் போட்டிருக்கிறேன், அம்பை 16 ரகம். குருத்துப் பூச்சிக்காக ஒட்டுண்ணி அட்டை (உள்ளே குட்டிக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை) வாங்கி, ஒரு துண்டை மட்டும் கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்தேன். இன்று காலையில் லென்ஸ் வைத்து உணர்கொம்பைப் பார்த்தால், பொரிந்து வந்தது பூராவும் ஆண். விலங்கியல் படிக்கும் மகன், 'சுயநலக் குரோமோசோம்' என்று ஒன்று குளவிகளை ஆணாக்கிவிடும், இது அதுவாக இருக்கும் என்கிறான். அப்படி ஒன்று உண்டா? இந்த அட்டையைக் கட்டலாமா?

பதில்: அண்ணாச்சி, முதலில் அட்டையைக் கட்டிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். ஒரு துண்டு பொரிந்துவிட்டது என்றால் மீதியும் பொரியத் தொடங்கியிருக்கும், இனி வீட்டில் வைத்தால் குளவி வீணாகச் சாகும்.

நீங்கள் பார்த்த நேரம்தான் விஷயம். டிரைக்கோகிரம்மா என்ற இந்தக் குட்டிக் குளவியில் ஆண்தான் முதலில் வெளியே வரும். வந்ததும் பறந்து போகாமல் அட்டையிலேயே சுற்றிக்கொண்டிருந்து, பின்னால் முட்டையைக் கடித்துக்கொண்டு வரும் பெண்ணோடு அங்கேயே சேரும். அதனால் முதல் காலையில் பார்த்தால் ஆணாகத்தான் தெரியும். நாளைச் சாயங்காலம் செத்ததையும் சேர்த்து ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி 50 எண்ணுங்கள். மயிர் நீளநீளமாகச் சிலிர்த்து நிற்பது ஆண், நுனி தடித்து மயிர் கட்டையாக இருப்பது பெண். பாதிக்கு மேல் பெண் இருந்தால் அட்டையில் குறை இல்லை.

தம்பி சொன்னதும் பொய் இல்லை. குளவி, எறும்பு, தேனீ இவற்றில் விந்து சேர்ந்த முட்டை பெண்ணாகும், சேராதது அப்படியே வளர்ந்து ஆணாகும். ஆணுக்கு அப்பனே கிடையாது, தாயின் ஒரு செட் குரோமோசோம்தான். தாய் விந்தைத் தனிப் பையில் வைத்திருந்து, எந்த முட்டைக்கு விட வேண்டும் என்று தானே தீர்மானிக்கிறது. இந்த ஏற்பாட்டில்தான் அந்தக் குரோமோசோம் புகுந்து விளையாடுகிறது. ஈயின் கூட்டுப்புழுவைத் தாக்கும் நசோனியா என்ற குளவியில் இருப்பதை ஆராய்ந்து, 1988-ல் நூர், வெர்ரன் குழுவினர் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அது விந்தில் ஏறி முட்டைக்குள் போகிறது. போனதும், தன்னோடு வந்த அப்பனின் ஐந்து குரோமோசோம்களையும் கட்டியாகச் சுருட்டி ஒழித்துவிட்டுத் தான் மட்டும் தப்பிக்கொள்கிறது. தாயின் செட் மட்டும் மிஞ்சுவதால், பெண்ணாகப் பிறக்க வேண்டியது ஆணாகிவிடுகிறது, அந்த ஆணின் விந்தில் ஏறி அது மறுபடி கிளம்புகிறது. தன்னைச் சுமந்து வந்த உயிரின் மரபுச் சொத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை அழித்தே பிழைக்கும் இதைவிடப் பெரிய தன்னலத்தைப் பூச்சி உலகத்தில் நான் படித்ததில்லை. அதற்குக் காரணமான ஒரு ஜீனைக்கூட 2020-ல் கண்டுபிடித்துவிட்டார்கள், ஹாப்லோடைசர் என்று பெயர்.

டிரைக்கோகிரம்மாவிலும் உண்டு, ஆனால் அது கலிபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்துக் கேகாயி என்ற இனம். அங்கே வோல்பாக்கியா என்ற பாக்டீரியா, விந்து சேராத முட்டையையும் பெண்ணாக்கிவிடுகிறது. பெண் அப்படிப் பெருகுவதால்தான் குரோமோசோமுக்குப் பிழைப்பு, குரோமோசோம் இருப்பதால்தான் பாக்டீரியா எல்லாக் குளவியையும் பிடிக்க முடியவில்லை என்பது ஆராய்ந்தவர்கள் கணிப்பு.

உங்கள் குருத்துப் பூச்சிக்குக் கொடுத்திருப்பது டிரைக்கோகிரம்மாவில் ஜப்பானிக்கம் என்ற இனத்தின் அட்டையாக இருக்கும். எண்ணிப் பார்த்தும் ஆணே மிகுதி என்றால், நான் குரோமோசோமைத் தேடிப் போக மாட்டேன், அட்டை தயாரான விதத்தைத்தான் கேட்பேன். இணை சேராத தாய் இட்டால் எல்லாம் ஆண். வயதான தாய்க்கு விந்து தீர்ந்துவிட்டாலும் ஆண். கொஞ்சம் முட்டைக்கு நிறையக் குளவியை விட்டு நெரித்தாலும், சூடு ஏறினாலும் பெண் குறையும். அப்படி வந்தால் நஷ்டம் நமக்குத்தான், ஏனென்றால் குருத்துப் பூச்சியின் முட்டையைத் தேடிப் போய் அதற்குள் முட்டை வைப்பது பெண் மட்டும். கொடுத்தவர்களிடம் எண்ணிக்கையைக் காட்டி வேறு அட்டை கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்த தடவை பொரிவதற்கு முந்தின நாளே வாங்கி, வண்டிப் பெட்டியில் வெயிலில் வேகவிடாமல் கொண்டு வாருங்கள். ஏக்கருக்கு 2 சிசி (அட்டையில் ஒட்டிய முட்டையின் அளவு), நட்ட 30, 37-ஆம் நாள். இலைச்சுருட்டும் இருந்தால் 37, 44, 51-ஆம் நாள் கைலோனிஸ் என்ற இன்னொரு இனத்தின் அட்டை. கார் பயிருக்கு இது ஆடிக்காற்று நேரம், செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் இந்த அரை மில்லிமீட்டர் பூச்சி எங்கே நிற்கும்? காற்று எழும் முன்னே, விடிகாலையில், துண்டு துண்டாக வெட்டி இலையின் அடிப்பக்கம் ஸ்டேப்லர் அடித்துவிடுங்கள். எறும்பு ஏறும் வரப்போரம் வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு வாரம் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள்.