கான்கிரீட் மூடுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

இந்த ஆண்டு பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறேன். அப்பா கொத்தனார். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படிக்க விரும்புகிறேன். ‘பி.இ. படித்தால்தான் மதிப்பு, டிப்ளமோவில் போனால் கடைசிவரை சூப்பர்வைசர்தான்’ என்கிறார்கள் உறவினர்கள். பெண் பிள்ளை சைட்டில் எப்படி நிற்பாள் என்று அம்மா தயங்குகிறார். அப்பா எதுவும் சொல்லவில்லை. நீங்கள் டிப்ளமோ படித்துவிட்டு முப்பது ஆண்டுகள் கட்டுமானத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். சேரலாமா? சேர்ந்தால் எதை முக்கியமாகக் கற்க வேண்டும்?

ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

தாராளமாகச் சேருங்கள். டிப்ளமோ மூன்று ஆண்டுகள். அதை முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதால், உறவினர்கள் சொல்லும் வழியும் உங்களுக்கு அடைபடுவதில்லை. மதிப்பைப் பற்றிய பேச்சுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. நம் ஊரில் பொறியியல் கல்வி அளப்பவர்களிடமிருந்தே புறப்பட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரைபடத்தில் உள்ளதும் தரையில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வதே டெக்னீஷியனின் வேலை. கம்பி கட்டி முடிப்பதற்கும் கான்கிரீட் விழுவதற்கும் நடுவில் உள்ள சில மணி நேரம்தான் அவருக்குக் கிடைக்கிறது. அதன்பின் எவ்வளவு படித்தவர் வந்து நின்றாலும் உள்ளே இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு வீட்டின் சன்ஷேடுக்குக் கட்டிய கம்பியைச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். விட்டம், இடைவெளி, எண்ணிக்கை எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொண்டு நிழலுக்கு வந்துவிட்டேன். சுவரிலிருந்து வெளியே நீளும் பலகத்தில் இழுவிசை மேற்புறத்தில் வரும் என்பதால் முதன்மைக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். நான் அளந்தபோது மேலேதான் இருந்தது. கான்கிரீட் சட்டியோடு வந்தவர்கள் அதன்மேல் ஏறி நடந்ததில், கம்பி சென்ட்ரிங் பலகையோடு படிந்துவிட்டது. அடியில் கொடுத்த முட்டுகளை எடுத்த அன்று, சுவரை ஒட்டி மேற்புறத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரிசல் ஓடியது. கீழே யாரும் இல்லை. மறுபடி முட்டுக் கொடுத்து, இடித்து, கம்பிக்கு அடியில் ‘சேர்’ என்று சொல்லும் வளைகம்பிகளைப் போதிய அளவு வைத்துப் புதிதாகப் போட்டோம். கான்கிரீட் போட்டு முடியும்வரை அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்ற பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது. எந்தத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் இல்லை.

கான்கிரீட்டைக் கனசதுரக் கட்டியாக வார்த்து அதன் வலிமையைப் பார்க்கும் கியூப் சோதனையைக் கல்லூரியில் ஒரு பிற்பகலில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் குறைந்தது 35 முறை கம்பியால் குத்தி, மறுநாள் கழற்றித் தண்ணீரில் போட்டு, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் இயந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்ப்பது. எம் 20 கான்கிரீட் என்றால் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். இந்த எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் கியூபுக்கு மட்டும் ஒரு கை சிமெண்ட் கூடுதலாகப் போட்டுக் கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டி ஆய்வகத்தில் தேறிவிடும், கட்டடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தளத்துக்குப் போகும் கலவையிலிருந்தே உங்கள் கையால் எடுத்து வாருங்கள். தேதியையும் இடத்தையும் நீங்களே அதன்மேல் எழுதுங்கள்.

லெவல் எடுப்பதிலும், அதாவது இடங்களின் உயர வேறுபாட்டைக் கருவியால் அளப்பதிலும், இதே கவனம் வேண்டும். கருவியை ஓரிடத்தில் வைத்ததும் எடுக்கும் முதல் அளவு பின்நோக்கு; அங்கிருந்து நகர்த்தும் முன் எடுக்கும் கடைசி அளவு முன்நோக்கு. பின்நோக்கு அளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து முன்நோக்கு அளவுகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவதும், கடைசி மட்டத்திலிருந்து முதல் மட்டத்தைக் கழித்தால் வருவதும் ஒத்துப்போக வேண்டும் என்று கற்பிப்பார்கள். அது கணக்குப் பிழையைத்தான் பிடிக்கும், கருவி வழியாகப் பார்க்கும் அளவுகோலான ஸ்டாஃப் சாய்ந்திருந்ததைப் பிடிக்காது. ஆகவே தொடங்கிய பெஞ்ச் மார்க்குக்கே, அதாவது உயரம் முன்பே தெரிந்த குறிக்கே, திரும்பி வந்து முடியுங்கள்.

கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் கட்டாயம் வேண்டும்; ஆனால் ஓர் அஸ்திவாரத்தைக் கையால் வரையத் தெரிந்தபிறகு அதைக் கற்றுக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும், 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி பெறலாம். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. அந்த ஓராண்டை வீணாக்காதீர்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நம் ஊர்க் கட்டடங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சித்தாளாக வெயிலில் நிற்கிறார்கள். லெவல் கருவிக்குப் பின்னால்தான் அவர்களை அதிகம் காணோம். அந்த நிலை மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அம்மாவின் கவலையிலும் நியாயம் உண்டு. பல சைட்டுகளில் பெண்களுக்கான கழிப்பறை இன்னும் இல்லை. வேலையில் சேரும் முன் சம்பளத்தைக் கேட்பதுபோல இதையும் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

கல்லூரி திறக்கும்வரை அப்பாவோடு சில நாள் வேலைக்குப் போய்வாருங்கள். அஸ்திவாரத்துக்கு மார்க்கிங் போடும்போது மூன்றடி, நான்கடி, ஐந்தடி கயிறு பிடித்து அவர் எப்படி மூலை மட்டம் பார்க்கிறார், அதாவது மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ இருக்க வேண்டும். ஒரு மீட்டர்த் துண்டு கிடைத்தால் கடையில் எடைபோட்டுப் பார்த்து, வந்த எடையை எனக்கு எழுதுங்கள்.