முள் அசையாத மீட்டரும் மடித்து வைத்த ஏப்ரனும்: கதிர்வீச்சுப் பாதுகாப்பு கேள்வி பதில்

மருத்துவமனை, ஆய்வகம், தொழிற்கூடம் எனப் பல இடங்களிலிருந்து வந்த கேள்விகள். ஒரே கேள்வி நாலு விதமாக வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பு நடத்துகிறோம். தேர்வில் எல்லோரும் தேறிவிடுகிறார்கள். அடுத்த வாரமே பேட்ஜ் (அணிபவர் மேல் பட்ட கதிர்வீச்சைப் பதியும் அட்டை) டிராயரில் கிடக்கிறது. எங்கே தவறு? (பயிற்சிப் பொறுப்பாளர்)

வகுப்பில் நீங்கள் பேசுகிறீர்கள், அவர்கள் கேட்கிறார்கள். தவறு அங்கேதான். பேச்சைப் பாதியாகக் குறைத்து, இருவருக்கு ஒரு சர்வே மீட்டர் (கதிர்வீச்சை அளக்கும் கைக்கருவி) வீதம் கையில் கொடுங்கள். 370 கிலோபெக்குரல் (பெக்குரல் என்பது கதிரியக்க வலுவின் அலகு) சீசியம்-137 சோதனை சோர்ஸ், அதாவது கதிர் வீசும் சிறு துண்டு, ஒன்று போதும். 10 செ.மீ. தூரத்தில் மணிக்குச் சுமார் 3 மைக்ரோசீவர்ட் காட்டும் (சீவர்ட் என்பது உடல் வாங்கும் கதிரின் அலகு). 20 செ.மீ.யில் அது 0.75 மைக்ரோசீவர்ட் ஆகும். 40 செ.மீ.க்குப் போனால் இயற்கைப் பின்னணியோடு கலந்து, பிரித்தறிவதே சிரமம். தூரம் இரட்டித்தால் அளவு கால் பங்காகும் என்பதை ஸ்லைடில் பத்து முறை பார்ப்பதைவிட, ஒரு முறை முள் விழுவதைப் பார்ப்பது மேல். தூரத்தைப் பெட்டியின் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். உள்ளே இருக்கும் உணரியின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும், பயிற்சியாளருக்கும் சங்கடம்.

அடுத்து, அதே சோர்ஸ் மேல் 0.5 மி.மீ. லெட் ஏப்ரனை (ஈயம் வைத்த மேலங்கி) போர்த்தச் சொல்லுங்கள். முள் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சீசியம் காமாவைப் பாதியாக்கவே 6 மி.மீ.க்கு மேல் ஈயம் வேண்டும். ‘ஏப்ரன் போட்டால் எல்லாம் தடுக்கும்’ என்ற நம்பிக்கை அந்த இடத்திலேயே போய்விடும்.

பேட்ஜுக்கு: கதிர்வீச்சு இல்லாத இடத்தில், ஆள் பெயர் எழுதிய கொக்கிப் பலகை ஒன்று வையுங்கள். யாரும் அணியாமல் பின்னணியை மட்டும் பதியும் கட்டுப்பாட்டு பேட்ஜும் அங்கேயே தொங்கட்டும். வேலை நடக்கும்போது ஒருவருடைய பேட்ஜ் கொக்கியில் தொங்கினால், கடந்து போகிற யார் கண்ணிலும் படும்.

சி-ஆர்ம் (சிகிச்சையின்போதே எக்ஸ்ரே படம் காட்டும் கருவி) அறையில் நிற்கிறேன். பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளேயா, வெளியேயா? (செவிலியர்)

ஒன்றுதான் தருகிறார்கள் என்றால் மார்பளவில், ஏப்ரனுக்கு உள்ளே. இரண்டு தந்தால் ஒன்று உள்ளே, மற்றொன்று கழுத்துப் பட்டை அருகே வெளியே. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் உடலுக்குப் பெரிய டோஸ் (கதிர் அளவு) விழுந்ததாக அறிக்கை வரும், பிறகு விசாரணை, விளக்கக் கடிதம்! இரண்டிலும் வேறு நிறப் பட்டை ஒட்டிவிடுங்கள். கண்ணில் படும் அளவைக் காட்டும் வெளி பேட்ஜை அசட்டை செய்யக் கூடாது. கண் வில்லைக்கான ஆண்டு வரம்பு முன்பு 150 மில்லிசீவர்ட். 2011இல் ஐ.சி.ஆர்.பி. (சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம்) அதை ஐந்தாண்டுச் சராசரியாக 20 ஆகக் குறைக்கச் சொன்னது.

உங்கள் மேல் படுவதில் பெரும்பகுதி நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருவது. அதனால் டியூப் (எக்ஸ்ரே கிளம்பும் பகுதி) மேசைக்குக் கீழேயும் டிடெக்டர் (படம் பதியும் பகுதி) நோயாளிக்கு ஒட்டியும் இருக்கட்டும். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது டியூப் பக்கம் நிற்காமல் டிடெக்டர் பக்கம் நில்லுங்கள், சிதறல் அங்கே குறைவு. மருத்துவர் பெடலை அழுத்தும் நேரத்தில் உங்களுக்குக் கைவேலை இல்லையென்றால் ஒரு எட்டு பின்னால் போங்கள்.

ஏப்ரனை மடித்து அலமாரியில் வைக்கலாமா?

கூடாது. மடிப்பில் உள்ளே விரிசல் விடும், வெளித்துணி பளபளவென்றே இருக்கும். அகலமான தாங்கியில் தொங்கவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரேயில் பார்த்து, தேதியை ஓரத்தில் எழுதுங்கள்.

நோயாளிக்குக் கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் பிரிவில் ஏப்ரன் அவசியமா? (தொழில்நுட்பர்)

அங்கே வரும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் காமாவுக்கு அது சும்மா சுமைதான். எடையால் கை மெதுவானால் நேரம் கூடி, டோஸும் கூடும். மற்ற ஸ்கேன்களில் பயன்படும், ஆற்றல் குறைந்த டெக்னீசியம்-99எம் என்றால் கதை வேறு. அங்கே 0.5 மி.மீ. ஈயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் கடக்கவிடும். பாஸ்பரஸ்-32 போன்றவற்றின் வலுவான பீட்டா (எலக்ட்ரான்) கதிருக்கு நேரடியாக ஈயம் வைக்காதீர்கள், ஈயத்தில் பட்டு எக்ஸ்ரே கிளம்பும். முதலில் 1 செ.மீ. அக்ரிலிக் பிளாஸ்டிக், தேவையானால் அதற்கு வெளியே ஈயம்.

இரிடியம்-192 கதிரால் வெல்டிங்கைப் படம் எடுத்துச் சோதிக்கிறோம். யாரும் நுழையாதபடி கயிறு கட்டும் தூரத்தை எப்படி முடிவு செய்வது?

உத்தேசமாகக் கட்டக் கூடாது, அன்றைய சோர்ஸ் வலுவை வைத்துக் கணக்குப் போடுங்கள். இரிடியத்தின் அரை ஆயுள் (வலு பாதியாகும் காலம்) 74 நாள். போன மாதக் கணக்கு இந்த மாதத்துக்கு ஆகாது. 740 கிகாபெக்குரல், அதாவது 20 கியூரி, ஒரு மீட்டரில் மணிக்குச் சுமார் 96 மில்லிசீவர்ட் (96,000 மைக்ரோசீவர்ட்) தரும். எல்லையில் அனுமதி மணிக்கு 7.5 மைக்ரோசீவர்ட் என்று கொண்டால், 96,000ஐ 7.5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 113 மீட்டர். பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் கொலிமேட்டர் (கதிரை ஒரு திசையில் மட்டும் விடும் உறை) போட்டால் 28 மீட்டர். உங்கள் நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்த எல்லை வேறு என்றால் 7.5க்குப் பதில் அதைப் போடுங்கள். கணக்கு போட்ட பிறகும், சோர்ஸ் வெளியே இருக்கும்போது மீட்டரோடு எல்லையில் நடந்து பார்த்தாக வேண்டும்.

விபத்து பெரும்பாலும் கயிறு கட்டுவதில் நடப்பதில்லை. சோர்ஸ் கேமராவுக்குள் (அதை வைக்கும் கவசப் பெட்டி) வந்துவிட்டது என்று, அதை இழுக்கும் கைப்பிடியான கிராங்கின் சுற்றை எண்ணி நம்புவதில்தான் நடக்கிறது. தள்ளி இழுக்கும் டிரைவ் கேபிளிலிருந்து சோர்ஸ் கழன்றிருந்தாலும் கிராங்க் சுகமாகச் சுற்றும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் மீட்டர் முன்னே, ஆள் பின்னே. கேமராவைச் சுற்றி, சோர்ஸ் வெளியே போய்வரும் குழாயான கைடு டியூப் நெடுக, நுனி வரை. கேமரா அருகே காலையில் குறித்த அளவே இப்போதும் வர வேண்டும். குறைந்தாலும் சந்தேகப்படுங்கள், சோர்ஸ் வேறு எங்கோ இருக்கிறது என்று பொருள். சில கைகர் மீட்டர்கள் மிக அதிகக் கதிரில் திணறி, பூஜ்யத்துக்குப் போய்விடும். வெகு தூரத்திலிருந்தே மீட்டரை இயக்கியபடி நெருங்கச் சொல்வது அதற்காகத்தான்: முள் ஏறிப் பிறகு சட்டென்று விழுந்தால் திரும்பிவிடுங்கள்.

சோர்ஸ் குழாயில் சிக்கிக்கொண்டால்? ஒத்திகையில் என்ன செய்து பார்ப்பது?

முதல் பாடம், யாரும் எதையும் பிடித்து இழுக்காமல் பின்வாங்குவது. கொலிமேட்டர் கணக்கு இனி செல்லாது, எல்லையை 113 மீட்டருக்கு நகர்த்துங்கள். காவலுக்கு ஆள் நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு அலுவலரை அழையுங்கள். அவசரம் எதுவும் இல்லை. ஆள் நெருங்காத வரை சோர்ஸ் அங்கேயே கிடக்கட்டும்.

மீட்புக்குப் பயிற்சி பெற்றவர்கள் வெற்று மாதிரியை வைத்துப் பழக வேண்டும். நீளக் கிடுக்கியால் 2 மீட்டரிலிருந்து எடுத்தால் நிமிடத்துக்கு 0.4 மில்லிசீவர்ட். விரலால் எடுத்தால், 1 செ.மீ. தூரத்தில், நிமிடத்துக்கு 16 கிரே அளவில் (கிரே என்பது உடல் உறிஞ்சும் கதிரின் அலகு; காமாவுக்கு ஒரு கிரே ஏறத்தாழ ஒரு சீவர்ட்). தோல் வெந்துபோக அது போதும். ஸ்டாப்வாட்ச் வைத்து, மாதிரியை ஈயக் கலத்தில் போட ஒரு நிமிடத்துக்குள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தொலைபேசி எண்களையும் ஒத்திகையிலேயே அழைத்துப் பாருங்கள். திட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணில் ஆள் மாறியிருப்பது சர்வ சாதாரணம்.

1999இல் பெரு நாட்டின் யனாங்கோவில் கீழே கிடந்த இரிடியம் சோர்ஸை என்னவென்று தெரியாமல் ஒரு வெல்டர் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் அவர் ஒரு காலையே இழந்தார். பயிற்சி ரேடியோகிராபருக்கு (கதிரால் படம் எடுப்பவர்) மட்டும் என்று வைப்பதன் விலை அது. வெல்டருக்கும் காவலாளிக்கும் பத்து நிமிடம் போதும்: மாதிரி சோர்ஸைக் காட்டி, ‘இதைப் பார்த்தால் தொடாதே, விலகு, சொல்’.

ஆய்வகத்தில் திரவம் சிந்தினால்? (மாணவர்)

சொல்லுங்கள், மூடுங்கள், யாரையும் நடக்கவிடாதீர்கள். உறிஞ்சு தாளைப் போட்டு, வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். கையில் பட்டால் வெதுவெதுப்பான நீரும் சோப்பும். தேய்த்துக் கழுவித் தோலைப் புண்ணாக்கினால் கதிரியக்கம் உள்ளே போக வழி திறந்துவிடுவீர்கள்.

பொதுமக்களிடம் பேசும்போது எதிலிருந்து தொடங்குவது?

‘ஆபத்தே இல்லை’ என்று தொடங்காதீர்கள், அடுத்து எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தவர் கதிர் வீசுவதில்லை, கதிரியக்கப் பொருள் மேலே ஒட்டினால் அது வேறு விஷயம்: இந்த வேறுபாடு புரிந்தாலே பாதிப் பயம் தீரும். ஒப்பிட, இயற்கைப் பின்னணி உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்.

பழைய இரும்பு வாங்குபவர்களை முதல் வரிசையில் உட்காரவையுங்கள். பிரேசிலின் கோயானியாவில் 1987இல் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவி பழைய இரும்புக்குப் போனது. நீலமாக மினுங்கிய சீசியம் தூளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நால்வர் இறந்தனர், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதிக்க வேண்டியிருந்தது. பலருக்குக் கதிர்வீச்சு எச்சரிக்கையான மூவிதழ்ச் சின்னம் காற்றாடி போலத்தான் தெரிகிறது. அதனால்தான் 2007இல் மண்டையோடும் ஓடும் மனிதனும் கொண்ட சிவப்புச் சின்னம் கூடுதலாக வந்தது. படங்களோடு கனமான ஈய உறையின் மாதிரியையும் கையில் கொடுங்கள். அளவுக்கு மீறிக் கனக்கிற சிறு உருளை என்பது அவர்கள் தொழிலில் உடனே பிடிபடும் அடையாளம்.

அயோடின் மாத்திரை வாங்கி வைக்கட்டுமா?

அது கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும் காக்கும். சீசியத்துக்கும் எக்ஸ்ரேக்கும் பயனில்லை. அதிகாரிகள் சொல்லும்போது, சொன்ன அளவில் மட்டும் போடுங்கள்.