எனக்கு மனநோய் இல்லை. டிஸ்க் விலகிய கால் வலிக்கு டாக்டர் ஏன் மனச்சோர்வு மாத்திரை கொடுக்கிறார்?

டுலாக்செடின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இணையத்தில் தேடினால் மனச்சோர்வு மருந்து என்று வருகிறது, சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சீட்டோடு நானும் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு முதுகெலும்பின் அடியில், இடுப்புப் பக்கம் இருக்கும் எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியது. இடுப்பில் கிளம்பும் வலி பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று இறங்கும். தும்மினால் உயிர் போய்விடும். காலையில் பேன்ட் போடுவதற்குச் சுவரில் தலையை முட்டுக் கொடுத்து நிற்பேன். இடது காலை நுழைக்க மட்டும் ஐந்து நிமிடம் ஆகும்.

மருந்துக் கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது டென்ஷனுக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே" என்றார். பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அட்டை பதினொரு நாள் பீரோவிலேயே கிடந்தது. மாத்திரையைப் பார்த்துப் பயமில்லை. என் வலி பொய் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டாரே என்ற கோபம்தான்.

அடுத்த தடவை போனபோது அதைக் கேட்டே விட்டேன். அவர் என் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு தலை, அதிலிருந்து இறங்கும் ஒரு தண்டுவடம், பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகள் வரைந்தார். ஒன்று மேல் நோக்கி, ஒன்று கீழ் நோக்கி. வலி காலிலிருந்து மூளைக்கு ஏறுவது எல்லாருக்கும் தெரியும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதையும் இருக்கிறது. ஏறி வரும் வலியை அது அங்கேயே அமுக்கிப் பிடிக்கும். அதற்கு அந்தப் பாதை பயன்படுத்தும் ரசாயனங்களில் முக்கியமானவை நார்அட்ரினலினும் செரட்டோனினும். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்வதும் இதே இரண்டின் மேல்தான். டுலாக்செடின் அவை சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடாமல் தடுக்கிறது.

சரி, மனசு தெளிவதால் வலி குறைந்தது போலத் தோன்றுகிறதா, இல்லை வலியே குறைகிறதா? உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுதான், ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் கேட்டார்கள். 1950களில் ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மனநல மருத்துவர் இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டார். 1960-லேயே பிரான்சில் அதை வலிக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். 1982-ல் கனடாவில் பீட்டர் வாட்சனும் அவர் குழுவும், அக்கி வந்து போன பிறகும் விடாமல் நீடிக்கும் நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைச் சோதித்தார்கள். 24 பேரில் 16 பேருக்கு நல்ல பலன். அவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சோர்வு அளவீடு அப்படியே இருந்தது, வலி மட்டும் இறங்கியது. 1987-ல் அமெரிக்காவில் மிட்செல் மேக்ஸ் குழு அதே மருந்தைச் சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலியில் பார்த்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வலி குறைந்தது. அமிட்ரிப்டிலினை நரம்பு வலிக்கு 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்கு 75, 100 என்று போக வேண்டியிருக்கும். ஆக, உங்கள் டாக்டர் உங்களை மனநோயாளி என்று சொல்லவில்லை.

டுலாக்செடினுக்கு அமெரிக்காவில் 2004 ஆகஸ்டில் மனச்சோர்வுக்கும், அடுத்த மாதமே சர்க்கரை நோய் நரம்பு வலிக்கும் அனுமதி கிடைத்தது. 2010-ல் நாள்பட்ட முதுகு வலியும் சேர்ந்தது.

ஆனால் காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்கு ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை. 2016-ல் வெளிவந்த வியன்னா ஆய்வில் 41 பேர். ஒவ்வொருவரும் சில வாரம் டுலாக்செடின், சில வாரம் மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று மாறி மாறிச் சாப்பிட வேண்டும். பத்துக்கு வைத்துப் பார்த்தால் வெற்று மாத்திரையில் வலி 6, டுலாக்செடினில் 4 சொச்சம். நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் சின்ன ஆய்வு, பாதியில் விலகியவர்களும் நிறைய. 2021-ல் 33 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, டுலாக்செடின் வகை மருந்துகளால் முதுகு வலி வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகக் குறைந்தது, நூறு புள்ளி அளவுகோலில் சராசரியாக ஐந்து புள்ளிதான். வலியே போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு பக்கம், நம் ஊரில் நரம்பு வலி என்றாலே கையோடு எழுதிக் கொடுக்கும் ப்ரீகாபலினை 2017-ல் சிட்னி ஆராய்ச்சியாளர்கள் சயாட்டிகா உள்ள 209 பேரிடம் சோதித்தார்கள். எட்டு வாரத்திலும் சரி, ஒரு வருடத்திலும் சரி, வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. தலைசுற்றல்தான் அதிகம். மூன்று மாதம் தலைசுற்றலோடு அதைச் சாப்பிட்டவன் நான். அதைப் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அன்று டாக்டர் என்னிடம், "தூக்கம் எப்படி? எதிலாவது ஆசை இருக்கா?" என்று கேட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றேன். என் மனைவி குறுக்கிட்டு, "ரெண்டு மாசமா யார் போனையும் எடுக்கறதில்ல டாக்டர். பிள்ளைகூடப் பேசறதில்ல" என்றாள். அவள் சொல்லும்வரை எனக்கே அது உறைக்கவில்லை. நாலு மாத வலி ஆளை அப்படி ஆக்கிவிடும். எனக்கு அந்த மாத்திரை இரண்டு வேலையும் செய்தது என்றுதான் நம்புகிறேன். முதல் வாரம் குமட்டலும் வாய் வறட்சியும் இருந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டதும் குமட்டல் அடங்கியது. ஏழாவது வாரம் சுவரைத் தொடாமல் பேன்ட் போட்டேன். பலருக்கு டிஸ்க் பிதுக்கம் மாதக்கணக்கில் தானாகவே சுருங்கும், நான் தினமும் நடக்கவும் செய்தேன், அதனால் முழுப் பெருமையையும் மாத்திரைக்குக் கொடுக்க மாட்டேன்.

தொடங்கும் முன் டாக்டரிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிடுங்கள்: டிரமடால் என்ற வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ உண்டா, ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய். முன்பு எப்போதாவது நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய வேகத்தில் இருந்திருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்து தனியாகக் கொடுத்தால் அந்த வேகத்தைக் கிளப்பிவிடக்கூடும். இருபத்தைந்து வயதுக்குள் இருந்தால் முதல் சில வாரம் வீட்டார் கவனித்துக்கொள்ள வேண்டும், தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். வலி குறைந்துவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், தலைசுற்றிப் படுத்தும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம், சிறுநீர் வராமல் அடைத்தாலோ, உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கிச் செருப்பு நழுவினாலோ எந்த மாத்திரைக்கும் காத்திருக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.