முதல் நாளே கொட்டித் தீரும் பிஎம்பி-2: பாலிமரை மாற்றலாமா?

கேள்வி: எலும்பு வளர்ச்சிக்கான ஸ்கேஃபோல்டில் (செல்கள் வளரும் தாங்குசட்டகம்) பதிக்க, பிஎல்ஜிஏ 50:50 (லாக்டிக், கிளைகாலிக் அமில அலகுகள் சரிபாதியாக உள்ள, உடலில் சிதையும் பாலிமர்) நுண்கோளங்களில் பிஎம்பி-2 என்ற எலும்பு வளர்ச்சிப் புரதத்தை ஏற்றுகிறோம். முதல் 24 மணி நேரத்தில் பாதிக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ஒரு வாரம் கழித்து எலிசாவில் (ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் சோதனை) ஒன்றுமே தெரிவதில்லை. லாக்டிக் பங்கு கூடிய 75:25-க்கு மாறினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். 50:50 சிதைய ஒன்றிரண்டு மாதம், 75:25-க்கு நான்கைந்து மாதம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் முதல் நாள் வருவது பாலிமர் சிதைந்து வரும் புரதமல்ல. கோளத்தின் மேற்பரப்பிலும் அதையொட்டிய துளைகளிலும் தங்கியது, தண்ணீர் பட்டதும் கழன்றுவிடுகிறது. 2008-ல் கழுத்து முதுகெலும்பு அறுவையில் பிஎம்பி-2 பயன்படுத்தியபோது ஏற்பட்ட வீக்கம் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. ஒரேயடியாக வெளிவரும் புரதமும் ஆபத்தாகலாம். ஆகவே முதல் நாள் அளவைச் சதவீதத்தில் மட்டும் பார்க்காமல் மைக்ரோகிராமிலும் கணக்கிடுங்கள்.

கோளாறு இரட்டைக் குழம்பு (புரதம் கரைந்த உள்நீரைப் பாலிமர் கரைசலிலும், அந்தக் கலவையை வெளிநீரிலும் துளிகளாக்கும் முறை) தயாரிக்கும்போதே தொடங்குகிறது. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் பாலிமரை மி.லி.க்கு 100 மி.கி.க்குக் குறையாமல் கரையுங்கள், 2 மி.லி. கரைசலுக்கு உள்நீர் 100 மைக்ரோலிட்டர் போதும். உள்ளே உப்புள்ள பஃபர் (பிஎச்சை நிலைநிறுத்தும் கரைசல்), வெளியே வெறும் 1% பிவிஏ (துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காக்கும் பாலிமர்) என்று வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சவ்வூடு அழுத்தத்தால் வெளிநீர் உள்ளே புகுந்து, கோளம் இறுகுவதற்குள் அதைச் சல்லடையாக்கிவிடும். உள்நீருக்கு ஈடாகவோ சற்றுக் கூடுதலாகவோ வெளிநீரிலும் சோடியம் குளோரைடு சேருங்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகான மௌனம் வேறு சிக்கல். பிஎம்பி-2, குறிப்பாக ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது, நடுநிலை பிஎச் உள்ள பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்பு பஃபர்) சரியாகக் கரையாது. குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். புரதம் ஒட்டாத குழாய்களையும் 0.1% பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின் புரதம்) கலந்த பஃபரையும் பயன்படுத்துங்கள். இன்னொரு காரணம், பாலிமர் சிதையும்போது சேரும் லாக்டிக், கிளைகாலிக் அமிலங்கள். இவற்றால் கோளத்தினுள் பிஎச் வெகுவாக இறங்கி, புரதம் திரண்டுவிடும். உருக்குலைந்த புரதத்தை எலிசாவின் ஆன்டிபாடி அடையாளம் காணாது. பாலிமர் கரைசலில் நுண்தூளான மக்னீசியம் ஹைட்ராக்சைடு 3% அளவில் சேர்ப்பது அமிலத்தைத் தணிக்கும். உள்நீரில் பிஎஸ்ஏ சேர்த்தால் கரைப்பான் எல்லையில் பிஎம்பி-2 சிதைவதும் குறையும்.

மொத்த வெளியீட்டை அறிய கதிரியக்க அயோடின்-125 குறியிட்ட புரதத்தில் ஒரு தொகுதி செய்து பாருங்கள். எலிசா கணக்கோடு அது ஒத்துப்போகாவிட்டால், புரதம் வெளியே வந்தும் எலிசாவுக்குச் சிக்கவில்லை என்று பொருள். வெளியே வந்தது வேலை செய்கிறதா என்பதற்கு, சி2சி12 (சுண்டெலித் தசை) செல்களில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு செல்லாக மாறுவதைக் காட்டும் நொதி) சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

கிருமிநீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த நீராவி) வேண்டவே வேண்டாம். 45–50 டிகிரியிலேயே பிஎல்ஜிஏ இளகத் தொடங்கும். 25 கிலோகிரே காமாக் கதிரோ பாலிமர் சங்கிலியை நறுக்கும், புரதத்தையும் கெடுக்கும். கரைசல்களை வடிகட்டி, தயாரிப்பு முழுவதையும் கிருமியற்ற சூழலிலேயே முடித்துவிடுங்கள்.